அரிசோனாவில் டம்ப்ஸ்டர் வாடகைக்கு எடுக்க எவ்வளவு செலவாகும்?

டம்ப்ஸ்டர் என்பது குப்பையையும் இடிபாடுகளையும் போட்டு லாரியில் எடுத்துச் செல்லும் பெரிய இரும்புத் தொட்டி. அரிசோனாவின் தலைநகரான ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் 10 கன கெஜம் கொள்ளளவுள்ள டம்ப்ஸ்டருக்குச் சுமார் 300 முதல் 450 டாலரும், 20 கன கெஜத்துக்கு 400 முதல் 600 டாலரும் ஆகலாம். கொண்டுவந்து வைப்பது, ஏறத்தாழ ஒரு வார வாடகை, எடுத்துச் செல்வது, குறிப்பிட்ட எடை வரை குப்பைக் கிடங்கில் கொட்டுவதற்கான கட்டணம் ஆகியவை பெரும்பாலும் இதில் அடங்கும்.

செலவைத் தீர்மானிப்பது அளவைவிட எடைதான். அந்தப் பாலைநிலத்தில் பல வீடுகளில் புல்வெளிக்குப் பதிலாக முற்றமெங்கும் சரளைக்கல் பரப்பியிருப்பார்கள். ஒரு கன கெஜச் சரளையே ஏறத்தாழ 1.4 டன் இருக்கும் என்பதால், சிறிய டம்ப்ஸ்டரை அதனால் முழுவதும் நிரப்பினால் 14 டன் ஆகிவிடும், அது பொதுவாக லாரி ஏற்றிச் செல்லும் வரம்பைத் தாண்டிவிடும். வாடகையோடு சேர்ந்த எடை வரம்பு பெரும்பாலும் சில டன்களே. அதைத் தாண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் தனிக் கட்டணம் உண்டு. ஆகவே கல், மண், கான்கிரீட் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவற்றை மட்டும் தனியாக ஏற்றினால் வேறு விலை சொல்லும் நிறுவனங்கள் உண்டு.

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை பருவமழைக் காலம். நனைந்த கம்பளமும் மெத்தையும் எடையைக் கூட்டும் என்பதால், தார்ப்பாய் போட்டு மூடி வைப்பது மிகவும் அவசியம். கோடை வெயிலில் இளகும் தார்த் தரையில் பள்ளம் விழாமலிருக்க, சக்கரங்களுக்கு அடியில் பலகை வைக்கச் சொல்லுங்கள். பெயின்ட், பேட்டரி, டயர் ஆகியவற்றைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். தெருவில் வைப்பதானால் நகராட்சி அனுமதி தேவையா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.