சீரியல் அடாப்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். திட்டப்பணிக்காக இஎஸ்பி32-கேம் என்ற கேமரா பலகை வாங்கினேன். அதில் யூஎஸ்பி துளையே இல்லை. சென்னை ரிச்சி தெருவில், பலகையைக் கணினியின் யூஎஸ்பியோடு இணைக்கும் சீரியல் அடாப்டர் கேட்டால், எஃப்டிடிஐ, சிபி2102, சிஎச்340 என்று உள்ளிருக்கும் சிப்பின் பெயரைச் சொல்லி மூன்று வகை காட்டுகிறார்கள். விலை கூடியதுதான் நல்லதா? நண்பன் கொடுத்த பழைய அடாப்டரைக் கணினி கண்டுகொள்ளவே இல்லை.

பதில்: சிபி2102 வாங்குங்கள். 5 வோல்ட், 3.3 வோல்ட் இரண்டுக்கும் தனித்தனி பின் (வயர் இணைக்கும் முனை) இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பலகைக்கு மின்சாரம் 5 வோல்டில் கொடுப்பதே நல்லது, 3.3 வோல்டில் கொடுத்தால் கேமராவும் வைஃபையும் சேர்ந்து இயங்கும்போது மின்னழுத்தம் சரிந்து, பலகை திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். ஆனால் சிக்னல் 3.3 வோல்டைத் தாண்டக் கூடாது. சிபி2102-இன் சிக்னல் எப்போதும் 3.3 வோல்டுதான்.

எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் அருமையானது. பெயர் பெரியது என்பதால் போலியும் அதிகம். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட்டோடு வந்த அந்த நிறுவனத்தின் டிரைவர், போலி சிப்புகளின் அடையாள எண்ணையே சுழியமாக்கிவிட்டது. முந்தைய நாள் வரை ஓடிய அடாப்டர்கள் முடங்கின. போலி செய்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தெரியாமல் வாங்கியவர்தான் அடிபட்டார். இன்றும் எனக்கு அது ஆறாத கோபம். எஃப்டிடிஐ என்று எழுதிய மலிவான பலகையைவிட, சிஎச்340 என்று உள்ளதைச் சொல்லி விற்கும் பலகை எவ்வளவோ மேல். லினக்ஸில் அதற்கு டிரைவர் தேடவும் வேண்டாம்.

சிஎச்340 வாங்கினால் ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். 3.3, 5 என்று மாற்றும் ஜம்பர் (இரு பின்களைச் சேர்க்கும் சிறு துண்டு) அதில் இருக்கும். சில பலகைகளில் அந்த ஜம்பர் மின்சாரப் பின்னை மட்டுமே மாற்றும். சிக்னல் 5 வோல்டிலேயே நிற்கும். அடாப்டரை மட்டும் கணினியில் செருகி, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை ஜிஎன்டியிலும் (கிரவுண்ட் பின்) சிவப்பு முனையை டிஎக்ஸிலும் (தரவை அனுப்பும் பின்) வையுங்கள். எதையும் அனுப்பாதபோது டிஎக்ஸ் உயர் நிலையில்தான் இருக்கும். 3.3-ஐ ஒட்டி வந்தால் இணைக்கலாம். 5-ஐ ஒட்டி வந்தால் பலகைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பழைய ஒன்பது முனை ஆர்எஸ்-232 கேபிளும் வேண்டவே வேண்டாம். அதில் கழித்தல் வோல்டும் வரும்.

இணைக்கும்போது அடாப்டரின் டிஎக்ஸ் பலகையின் யூ0ஆருக்கு, ஆர்எக்ஸ் (தரவைப் பெறும் பின்) யூ0டிக்கு. ஜிஎன்டி இரண்டுக்கும் பொது. நிரலை ஏற்றும்போது மட்டும் ஐஓ0-வை ஜிஎன்டியோடு சேர்த்து ரீசெட் அழுத்துங்கள். ஏற்றி முடித்ததும் அந்த வயரை எடுத்துவிட்டு மீண்டும் ரீசெட் அழுத்துங்கள்.

நண்பரின் அடாப்டரைக் கேபிள் வழியாகச் செருகியிருந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜுக்கு மட்டுமான கேபிளில் தரவுக் கம்பிகளே இருக்காது. விளக்கு எரியும், கணினிக்கு ஒன்றும் தெரியாது.

கேள்வி: புது அடாப்டர் இரண்டு கணினியிலும் வேலை செய்யவில்லை. கடைக்காரர் திரும்பப் பெற மறுக்கிறார். பில்லில் காலவரம்பு எதுவும் இல்லை. என்ன செய்வது?

பதில்: டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரு வயரால் சேர்த்துவிட்டு, சீரியல் டெர்மினல் மென்பொருளில் தட்டச்சு செய்யுங்கள். அடித்த எழுத்து திரும்பி வராவிட்டால், அல்லது போர்ட்டே தோன்றாவிட்டால், அதைக் கைப்பேசியில் படமெடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலவரம்பு இல்லையென்றால் 30 நாளுக்குள் அவர் அதைச் செய்ய வேண்டும். இதைச் சொன்ன பிறகும் மறுத்தால், பில்லையும் படத்தையும் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.