சி ஸ்லாஷ் டி: காந்தாரம் இல்லாத ஒரு கோர்ட்

கேள்வி: தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் வாசிக்கிறேன். ஜி மேஜரில் அமைந்த ஒரு பாடலின் தாளில், சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் ‘சி/டி’ என்று எழுதியிருக்கிறார்கள். வழக்கமான சி கோர்டை (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் தொகுதியை) வாசித்தால் பல்லவிக்குள் இழுத்துச் செல்லும் உணர்வு வரவில்லை. ஓர்கன் வாசிப்பவர் அதை ‘டி 9 சஸ் 4’ என்கிறார். இரண்டும் ஒன்றா?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: நடைமுறையில் ஒன்றுதான். முழுமையான டி 9 சஸ் 4-இல் ஏ சுரமும் சேரும், அவ்வளவே. சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது மேலே ஒலிக்கும் கோர்ட். பின்னால் இருப்பது அடியில் ஒலிக்க வேண்டிய பேஸ் சுரம். இங்கே காது அடிச்சுரத்தையே ஆதாரமாகக் கொள்வதால், சி முதலில் எழுதப்பட்டிருந்தாலும் இது டி-யின் குடும்பத்தைச் சேர்ந்த கோர்ட் ஆகிவிடுகிறது. டி-யை ஷட்ஜமாக வைத்தால், சி கோர்டின் சி, ஈ, ஜி மூன்றும் முறையே கைசிகி நிஷாதம், சதுசுருதி ரிஷபம், சுத்த மத்தியமம் ஆகின்றன. மேஜரா மைனரா என்பதைத் தீர்மானிக்கும் காந்தாரம் எங்கும் இல்லை. அதன் இடத்தில் மத்தியமம் நிற்கிறது. பழைய ஐரோப்பியத் தேவாலய இசையில், முந்தைய கோர்டின் ஒரு சுரத்தை அடுத்த கோர்டுக்குள்ளும் நிறுத்தி வைத்து, சற்றுத் தாமதித்தே அதன் இடத்துக்கு இறக்குவார்கள். ‘சஸ்’ என்று சுருக்கி எழுதப்படும் ‘சஸ்பென்டட்’ என்ற பெயர் அந்த நிறுத்தி வைத்தலிலிருந்து வந்தது.

உங்கள் சிக்கல் ஐந்தாம் தந்தியில் இருக்கிறது (மிக மெல்லிய தந்தியே முதலாம் தந்தி). வழக்கமான பிடியில் மோதிர விரல் அங்கே சி-யை ஒலிக்கச் செய்வதால், டி அடிச்சுரமாக வர வழியே இல்லை. சி கோர்டைப் பிடித்துக்கொண்டு, மோதிர விரலையும் நடுவிரலையும் எடுத்துவிடுங்கள். ஆள்காட்டி விரல் மட்டும் இரண்டாம் தந்தியின் முதல் பிரெட்டிலேயே இருக்கட்டும். ஐந்தாம், ஆறாம் தந்திகளைத் தொடாமல் மற்ற நான்கையும் மீட்டினால் டி, ஜி, சி, ஈ என்று ஒலிக்கும். நீங்கள் தேடிய கோர்ட் அதுவே. முதலில் பெருவிரலால் நான்காம் தந்தியைத் தனியே தட்டி, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மற்ற மூன்றையும் மீட்டிப் பாருங்கள். கடற்காற்றில் துருப்பிடித்த தந்தியென்றால் மாற்றிவிடுங்கள், ஏனெனில் முழுப் பாரத்தையும் அந்த ஒரு தந்தியே சுமக்கிறது.

அடுத்து, ஆள்காட்டி விரலை அசைக்காமல், மூன்றாம் தந்தியின் இரண்டாம் பிரெட்டில் நடுவிரலையும் முதலாம் தந்தியின் இரண்டாம் பிரெட்டில் மோதிர விரலையும் வைத்தால் டி 7 கிடைக்கும். முதலாம் தந்தியில் கேட்கும் எஃப் ஷார்ப்தான் இதுவரை வராதிருந்த காந்தாரம். அங்கிருந்து ஜி-க்குச் செல்லும்போது நீங்கள் எதிர்பார்த்த இழுப்பைத் தெளிவாக உணர்வீர்கள். ஆனால் டி 7 கட்டாயமில்லை. தாளில் இல்லையென்றால் சி/டி-யிலிருந்து நேரே ஜி-க்குச் செல்லலாம், எனக்கு அந்த மென்மையே அதிகம் பிடிக்கும்.

குழுவில் பேஸ் கிற்றார் இருந்தால், டி-யை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் முதல் மூன்று தந்திகளில் சி-யை மட்டும் வாசிக்கலாம். ஓர்கனில் அதே வேளையில் சாதாரண டி மேஜர் ஒலித்தால் எஃப் ஷார்ப்பும் ஜி-யும் உரசிக்கொள்ளும். ஆகவே இருவரும் ஒரே தாளைப் பார்த்து வாசிப்பதை ஒத்திகையிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.