மூங்கில் காற்றுமணி வெளியில் நிலைக்க: கேள்வி பதில்

கேள்வி (நல்லூர்): அண்ணை, முற்றத்து மாமரத்தில தொங்கவிட்ட மூங்கில் மணியில ரெண்டு குழாய் நெடுக வெடிச்சுப் போச்சு. ஏன்?

பதில்: மூங்கிலில் கணுக்களுக்கு இடையே நார் முழுக்க நெடுக்காகத்தான் ஓடும். குறுக்கே இழுத்துப் பிடிக்க ஒன்றும் இல்லை. மழையில் ஊறிய குழாய் மறுநாள் வெயிலில் வேகமாகச் சுருங்கும்போது அந்த நார்ப்போக்கிலேயே பிளக்கும். பளபளப்பான வெளித்தோலில் மெழுகும் சிலிக்காவும் இருப்பதால் அதற்குள்ளால் தண்ணீர் அதிகம் இறங்காது. இறங்குவது வெட்டு வாயாலும் கயிற்றுத் துளையாலும்தான். எல்லோரும் வெளிப்பக்கத்துக்கு மூன்று தரம் வார்னிஷ் அடித்துவிட்டு வெட்டு வாயை மறந்துவிடுகிறார்கள். அந்த இடத்தைத்தான் முதலில் கவனிக்க வேணும்.

மயிரளவு வெடிப்பென்றால், குழாயை நன்றாகக் காயவிட்டு, தண்ணீருக்குத் தாங்கும் மரப் பசையை உள்ளே இறக்கி, நூலால் இறுக்கிச் சுற்றி ஒரு நாள் வையுங்கோ. அடி முதல் நுனி வரை பிளந்ததை ஒட்டினாலும் நாதம் வராது, மாற்றுங்கோ. மாமரமும் நல்ல இடமில்லை. மழை விட்ட பிறகும் இலைத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். காற்று வரும் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கோ.

கேள்வி (சுன்னாகம்): வீட்டில இருக்கிற தேங்காயெண்ணெயைப் பூசலாமோ?

பதில்: கூடாது. தேங்காயெண்ணெய் காய்ந்து படலமாகாது. புழுதி ஒட்டும், பூஞ்சணம் பிடிக்கும். நல்லெண்ணெயும் சரிவரக் காயாது. ஹாட்வெயார் கடையில் விற்கும் காய்ச்சின லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் வாங்குங்கோ. மணியைக் கழுவி, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டு, வெட்டு வாய்களை 240ஆம் இலக்க சாண்ட் பேப்பரால் தேயுங்கோ. சீலைத் துண்டால் மெல்லிசாகப் பூசி, வெட்டு வாய்க்கு மட்டும் குடிக்கிற அளவு எண்ணெய் கொடுத்து, கால் மணித்தியாலத்தில் மிச்சத்தைத் துடையுங்கோ. மறுநாள் இன்னொரு பூச்சு. தடிப்பாகப் பூசினால் பிசுபிசுப்பாகவே கிடக்கும், ஓசையும் மந்தமாகும்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கோ: எண்ணெய் தோய்ந்த சீலையைச் சுருட்டி மூலையில் போடாதேங்கோ. லின்சீட் எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய சீலை தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியில் கொடியில் விரித்துப் போடுங்கோ, இல்லாவிட்டால் வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கோ.

கேள்வி (கொக்குவில்): மணிக்குக் கீழ அரிசிமா மாதிரித் தூள் கொட்டிக் கிடக்கு.

பதில்: உளுத்துப் போகிறது. மூங்கிலில் உள்ள மாச்சத்தைத் தின்னும் சிறு வண்டுதான் காரணம். 1 முதல் 2 மில்லிமீற்றர் வரையான வட்டத் துளைகள் தெரியும். மேலே வார்னிஷ் அடிப்பதால் உள்ளே இருக்கும் புழு சாகாது. நிறையத் துளை விழுந்த குழாயை எரித்துவிடுங்கோ. மற்றவற்றைக் காற்றுப் புகாமல் பொலித்தீனில் சுற்றி, மைனஸ் 18 பாகை ஃப்ரீசரில் இரண்டு கிழமை வையுங்கோ.

பிறகு ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் 30 கிராம் வெண்காரமும் (போராக்ஸ்) 20 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, குழாய்களை இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கோ. ஒரு கிழமை நிழலில் காயட்டும். இந்த மருந்து மழையில் கரைந்து போகும், ஆகவே அதன்மேல் எண்ணெய்ப் பூச்சு கட்டாயம். கையுறை போடுங்கோ, பிள்ளைகளை அண்ட விடாதேங்கோ. மிஞ்சிய கரைசலைக் கிணற்றடியிலோ வாழையடியிலோ ஊற்றவே கூடாது. இந்த மருந்தில் உள்ள போரான் கூடினால் பயிர் கருகும். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊற்றுவது நேரே நிலத்தடி நீருக்கே போகும்.

கேள்வி (குருநகர்): கயிறு அடிக்கடி அறுகுது. தங்கூசி போடட்டோ?

பதில்: தங்கூசி (தூண்டில் நைலோன் நூல்) வெயிலில் முறுகும், முடிச்சு வழுக்கும், மெல்லியதாக இருப்பதால் துளையின் ஓரத்தையும் அறுக்கும். தும்புக் கயிறும் மழையிலும் வெயிலிலும் கிடந்தால் நாளடைவில் உக்கிவிடும். மீன்பிடிச் சாமான் கடையில் 1.5 அல்லது 2 மில்லிமீற்றர் பின்னல் பொலியெஸ்டர் கயிறு கேளுங்கோ. துளையின் விளிம்பைத் தேய்த்து உருட்டியபின் கோருங்கோ. கடற்காற்றுக்குக் கொளுக்கி துருப்பிடிக்காத உருக்கில் இருக்க வேணும். அணில் கடிக்கிற வளவென்றால் மேல் தொங்கலுக்கு மட்டும் சின்னச் சங்கிலி.

கேள்வி (மானிப்பாய்): கறுப்புப் புள்ளி வந்திட்டுது. கழுவினால் வெள்ளைத் திட்டும் வருது.

பதில்: கறுப்பு பூஞ்சணம். ஒரு பங்கு வினாகிரிக்கு நாலு பங்கு தண்ணீர், பழைய பல்துலக்கும் பிரஷ், நார்ப்போக்கில் தேய்ப்பு. வெள்ளை உங்கள் கிணற்றின் சுண்ணாம்பு. கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் எடுங்கோ, உடனே துடையுங்கோ.

கேள்வி (சாவகச்சேரி): மேல் வாயில தண்ணி நிக்குது. பரவாயில்லையோ?

பதில்: பரவாயில்லை என்று விடக்கூடாது. மேலே திறந்த வாயும் கொஞ்சம் கீழே கணுவும் இருந்தால் அது ஒரு சிறிய கிண்ணம். டெங்கு நுளம்புக்கு அவ்வளவு தண்ணீரே போதும், ஐப்பசி கார்த்திகையில் இது பெரிய ஆபத்து. கணுவுக்கு மேலே நீட்டியிருக்கும் பகுதியை அரிந்து எடுங்கோ. கயிற்றுத் துளை அதில் இருந்தால், கணுவை ஒட்டி 5 மில்லிமீற்றர் வடிகால் துளை போடுங்கோ. குழாய் வாயில் மண் அடைத்து ஓசை செத்திருந்தால் அது குளவிக் கூடு. ஈர்க்கால் குத்தி எடுத்து உள்ளேயும் எண்ணெய் காட்டுங்கோ.

கேள்வி (காரைநகர்): சோளகக் காற்றுக்கு இரவெல்லாம் ஒரே அடி. கழற்றத்தான் வேணுமோ?

பதில்: தேவையில்லை. நடுவில் ஆடும் சிரட்டையின் கீழே தொங்கும் காற்றுத்தகட்டைச் சிறிதாக்குங்கோ, அடி குறையும். இரவில் எல்லாக் குழாயையும் சேர்த்து ஒரு துணிப்பட்டியால் கட்டுங்கோ. ஆனால் புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றி உள்ளே வையுங்கோ. மாரி முழுக்க உள்ளே வைத்தால் இன்னும் நல்லது. பொலித்தீனில் கட்டாமல் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கோ.

கேள்வி (நல்லூர்): வெடிச்ச குழாயை மாத்தினால் ஓசை ஒத்து வருமோ?

பதில்: அதே பருமன், அதே தடிப்புள்ள காய்ந்த மூங்கில் எடுங்கோ. பச்சை மூங்கிலில் சுருதி பார்த்தால் காய்ந்தபின் மாறும். பழைய குழாயைவிட 2 சென்ரிமீற்றர் நீளமாக வெட்டி, தொங்கவிட்டுத் தட்டிப் பாருங்கோ. கீழ் வாயில் 2 மில்லிமீற்றர் அளவில் அரிய அரிய ஓசை மேலே ஏறும். கூடுதலாக அரிந்துவிட்டால் திருத்த முடியாது. அந்தக் குழாயை அடுத்த, நீளம் குறைந்த குழாயின் இடத்துக்கு வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று வெட்டுங்கோ.