மூலம் என்று நினைத்திருக்கும் வலி: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு குழந்தைகள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை செய்கிறேன். நான்கு மாதங்களாக மலம் கழிக்கும்போது கண்ணாடியால் கிழிப்பது போன்ற வலி. அதன் பிறகும் இரண்டு மூன்று மணி நேரம் துடிக்கிறது. சில நாட்களில் மலத்தின் மீது சிவப்பாக ரத்தம் படிந்திருக்கிறது. ஆசனவாயின் ஓரத்தில் சிறிய சதை ஒன்று கையில் தட்டுப்படுகிறது. மூலம் என்று எண்ணி, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பை மூன்று மாதமாகத் தடவி வருகிறேன். உடல் சூடுதான் காரணம் என்கிறார் மாமியார். மருத்துவரிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது. அறுவை சிகிச்சை இல்லாமல் ஒரே ஊசியில் குணப்படுத்துவதாகப் பேருந்து நிலையச் சுவரில் விளம்பரம் பார்த்தேன். அங்கே போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், சகோதரி. அங்கே போகவே வேண்டாம். உள்மூலத்துக்கு ஊசி மருந்து செலுத்தும் முறை மருத்துவத்தில் உண்டு என்பது உண்மைதான். ஆனால், பயிற்சி பெற்ற மருத்துவர், கருவி வைத்து உள்ளே பார்த்து, குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட அளவில் மட்டுமே அதைச் செலுத்துவார். என்ன நோய் என்று பார்க்காமல், என்ன மருந்து என்று சொல்லாமல் போடப்படும் ஊசியால் ஆசனவாய் புண்ணாகி, சீழ் கட்டி, பின்னர் அந்த வழியே சுருங்கிப்போய் வந்தவர்களுக்கு நான் சிகிச்சை அளித்திருக்கிறேன். அதைவிட முக்கியமாக, நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் உங்களுக்கு இருப்பது மூலமாகவே தோன்றவில்லை.

உங்கள் அறிகுறிகள் ஆசனவாய் வெடிப்பைக் காட்டுகின்றன. உள்மூலம் என்பது ஆசனவாய்க்குள் இயல்பாகவே இருக்கும் ரத்தக்குழாய்த் திண்டுகள் வீங்கிச் சரிவது. அந்தப் பகுதியில் வலியை உணரும் நரம்புகள் இல்லாததால், உள்மூலம் ரத்தத்தைச் சொட்டச் செய்யுமே தவிர பெரும்பாலும் வலிக்காது. வெடிப்போ, அதற்குக் கீழே, விரல் நுனியைப் போலவே கூர்மையான உணர்ச்சியுள்ள தோலில், பெரும்பாலும் முதுகுப் பக்கமாக நடுக்கோட்டில் ஏற்படும் கிழிசல். கெட்டியான மலம் போகும்போது அது கிழிகிறது. கிழிந்த வலியில் உள்ளே இருக்கும் வட்டத்தசை, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல், இறுகிக்கொள்கிறது. நீங்கள் சொல்லும் இரண்டு மூன்று மணி நேரத் துடிப்பு அந்த இறுக்கம்தான். தசை இறுகினால் அந்த இடத்துக்கு வரும் ரத்த ஓட்டம் குறைகிறது. ரத்தம் குறைந்தால் புண் ஆறுவதில்லை. வலிக்கு அஞ்சி மலத்தை அடக்கினால், அது மேலும் கெட்டியாகி மறுநாள் மீண்டும் கிழிக்கிறது. ஆறு வாரங்களைத் தாண்டிய வெடிப்பின் வெளிமுனையில் தோல் தடித்து ஒரு சிறு சதையாக வளர்வது வழக்கம். அதைத் தொட்டுப் பார்த்துத்தான் பலரும் மூலம் வெளியே வந்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

எனவே, புண்ணுக்கு மருந்து தடவுவது மட்டும் போதாது. மலம் இளக வேண்டும், தசை தளர வேண்டும். நீங்கள் தடவிவரும் களிம்பின் பெயரை எழுதவில்லை. மூலத்துக்கான களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதை ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து இன்னும் எளிதில் கிழியும். ஆகையால் அதை நிறுத்திவிட்டு, அட்டையை எடுத்து வைத்திருந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

தசையைத் தளர்த்துவதில் வெந்நீருக்கு ஈடாக எளிய வழி வேறு இல்லை. அகலமான பிளாஸ்டிக் தொட்டியில், கை பொறுக்கும் சூட்டில் நீர் நிரப்பி, இடுப்புப் பகுதி அமிழ 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். மலம் கழித்தவுடன் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை போதும். உப்போ கிருமிநாசினியோ சேர்க்கத் தேவையில்லை. கிருமிநாசினி எரிச்சலையே கூட்டும். பிறகு தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். இத்துடன், இரண்டு சதவீத டில்டியாசெம் களிம்பு போன்ற, தசையைத் தளர்த்தும் மருந்தை மருத்துவர் எழுதித் தருவார். பட்டாணி அளவு எடுத்து ஆசனவாயின் விளிம்பில் நாளுக்கு இரு முறை, ஆறு முதல் எட்டு வாரங்கள் தடவ வேண்டும். வலி பத்து நாளில் குறைந்துவிட்டது என்று நிறுத்துகிறவர்களே மறுபடியும் வருகிறார்கள். நைட்ரோகிளிசரின் களிம்பும் இதே வேலையைச் செய்யும் என்றாலும் பலருக்குத் தலைவலி தருகிறது.

உங்கள் மாமியார் சொல்லும் சூட்டை நான் ஒதுக்கிவிட மாட்டேன். கடலூரின் கடற்கரைப் புழுக்கத்தில் நாள் முழுவதும் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் இருந்தால், குடல் மலத்திலிருக்கும் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. பெரியவர்கள் அனுபவத்தில் கண்டு சூடு என்று பெயர் வைத்தது பெரும்பாலும் இதைத்தான். மோர், கம்பங்கூழ், கேழ்வரகு, கீரை, வாழைத்தண்டு, கொய்யா எல்லாம் நல்லவை. துத்திக் கீரையும் கருணைக்கிழங்கும் சாப்பிடப் பிடித்தால் உணவாகச் சாப்பிடுங்கள். ஆனால் இலையை அரைத்தோ வேறு எதையுமோ புண்ணின் மீது வைத்துக் கட்டாதீர்கள். ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து தேவை. அரிசிச் சோறும் குழம்பும் மட்டுமே சாப்பிட்டால் அதில் பாதியைக்கூட எட்டுவது கடினம் என்பதால், இரவில் இரண்டு தேக்கரண்டி இசப்கோல் உமியை ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் இதே உமி மலத்தை அடைத்துவிடும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். கடைகளில் வேலை செய்யும் பெண்களில் பலர், பயன்படுத்தத்தக்க கழிவறை இல்லாததாலும், கேட்டுவிட்டுப் போகத் தயங்குவதாலும், காலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்க்கிறார்கள். உந்துதல் வந்தாலும் அடக்கிக்கொள்கிறார்கள். 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று வந்தது. நிற்கும் காலுக்குக் கிடைத்த அந்த அக்கறை, அடக்கி வைக்கப்படும் வயிற்றுக்கும் கிடைக்க வேண்டும் என்பதை முதலாளிகள் உணர வேண்டும். உங்களுக்கும் அப்படித்தான் என்றால், வீட்டை விட்டுக் கிளம்பும் முன் அவசரமில்லாமல் கழிவறைக்குச் செல்லப் பதினைந்து நிமிடமாவது ஒதுக்குங்கள். முக்காதீர்கள், கைப்பேசியுடன் அங்கே உட்கார்ந்திருக்காதீர்கள்.

கூச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் படுக்கச் செய்து, துணியால் மூடி, சருமத்தை மெல்ல விலக்கிப் பார்த்தாலே வெடிப்பு தெரிந்துவிடும். கடும் வலி இருக்கும்போது விரலோ கருவியோ உள்ளே விட வேண்டியதில்லை. அதற்கு இரண்டு நிமிடம் ஆகாது. உடன் ஒரு செவிலியர் இருக்க வேண்டும் என்றோ, பெண் மருத்துவரே பார்க்க வேண்டும் என்றோ நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசுத் தலைமை மருத்துவமனை உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. மருந்தில் ஆறாவிட்டால் தசையின் ஒரு பகுதியை வெட்டித் தளர்த்தும் சிறிய அறுவை சிகிச்சை இருக்கிறது. அதில் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் குணமாகிறார்கள்; சிலருக்கு வாயுவை அடக்கும் திறன் குறையலாம். உங்களுக்குச் சுகப்பிரசவங்கள் நடந்திருந்தால் அதை அறுவை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். அப்போது தசை ஏற்கெனவே சற்றுத் தளர்ந்திருக்கக் கூடும்.

கேள்வி: வயது 57. இரண்டு ஆண்டுகளாக வலியில்லாமல் ரத்தம் சொட்டுகிறது. முன்பு ஒரு மருத்துவர் உள்மூலம் என்றார். நாட்டு மருந்துப் பொடி சாப்பிடுகிறேன். இப்போது சில மாதங்களாகக் களைப்பு. ஐந்து கிலோ எடையும் குறைந்துவிட்டது. மூலத்தால் இப்படி ஆகுமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தொடர்ந்த ரத்தப்போக்கால் ரத்தசோகையும் களைப்பும் வரும். ஆனால் மூலத்தால் எடை குறையாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட பெயரை இன்றைய அறிகுறிகளுக்கும் பொருத்திக்கொண்டு காத்திருக்காதீர்கள். உங்கள் வயதில் ரத்தப்போக்கும் எடைக்குறைவும் சேர்ந்தால், பெருங்குடல் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்த பின்னரே மூலத்தைப் பற்றிப் பேச வேண்டும். இந்த வாரமே ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொண்டு, கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் போன்ற மருத்துவமனையில், பெருங்குடலுக்குள் குழாய்க் கருவி செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபி பரிசோதனை செய்யக் கேளுங்கள். மூலம் ஏற்கெனவே இருப்பவருக்குப் புற்றுநோய் வராது என்று எந்த விதியும் இல்லை. இரண்டும் ஒருவரிடமே இருக்கக் கூடும். பரிசோதனையில் வேறொன்றும் இல்லையென்றால், உள்மூலத்தின் அடியில் சிறு ரப்பர் வளையம் மாட்டும் சிகிச்சையே பெரும்பாலும் போதும். மயக்க மருந்து வேண்டாம், அன்றே வீடு திரும்பலாம். ஒரு வாரம் பத்து நாட்களில் அந்தச் சதை வளையத்தோடு உதிரும்போது சிறிது ரத்தம் வரலாம். இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவரென்றால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

கேள்வி: எட்டு மாதக் கர்ப்பம். நேற்று முதல் ஆசனவாயில் திராட்சை அளவு நீல நிறக் கட்டி; உட்கார முடியவில்லை. இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தலாமா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: வெளிமூலத்தில் ரத்தம் உறைந்திருக்கிறது என்று தோன்றுகிறது. வலி முதல் இரண்டு நாட்கள் கடுமையாக இருந்து பின்னர் தணியும். கட்டி சில வாரங்களில் தானாகக் கரையும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிச் சில நிமிடங்கள் ஒத்தடம் கொடுங்கள். இடப்பக்கமாகச் சரிந்து படுங்கள். நீங்களாகக் கீறவோ பிதுக்கவோ கூடாது. வலி தாங்க முடியாவிட்டால் முதல் மூன்று நாட்களுக்குள் மருத்துவரிடம் சென்றால், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து எடுத்துவிட முடியுமா என்று பார்ப்பார். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கெட்டியாக்கும். மலம் கறுப்பதும் அதனால்தான். ஆனால் அதை நிறுத்தாமல், மலத்தை இளக்கும், கர்ப்பகாலத்திலும் பயன்படுத்தத்தக்க லாக்டுலோஸ் மருந்தைச் சேர்த்துத் தரும்படி உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சல் வந்தாலோ, சீழ் கசிந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ மறுநாள் வரை பொறுக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.