வடை ஏன் விழுந்தது? குழந்தைகளும் கதையின் வரிசையும்: கேள்வி-பதில்

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது. பாட்டி வடை சுட்ட கதையைத் தினமும் கேட்கிறாள். திருப்பிச் சொல்லச் சொன்னால் ‘நரி வடையத் தூக்கிட்டு ஓடிடுச்சு’ என்று முடிவில்தான் ஆரம்பிக்கிறாள். ஞாபகசக்தி குறைவா?

பதில்: இல்லவே இல்லை. இந்த வயதில் மனதைப் பிடித்த இடம்தான் முதலில் வாயில் வரும். நடந்ததை நடந்தபடி கோத்துச் சொல்வது பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதில்தான் கைகூடும். ‘அடுத்து என்ன, அடுத்து என்ன’ என்று துளைக்காதீர்கள். ஒப்பிக்கத்தான் அது பழக்கும். ‘ஏன்’ என்று கேளுங்கள். நரிக்கு வடை எப்படிக் கிடைத்தது? கீழே விழுந்தது. ஏன் விழுந்தது? காக்கா வாயைத் திறந்தது. ஏன் திறந்தது? பாடுவதற்கு. ஏன் பாடியது? நரி புகழ்ந்தது. முடிவில் ஆரம்பிக்கிற குழந்தைக்கு இப்படிப் பின்னோக்கிப் போவதுதான் சுலபம்.

சில நாள் கழித்து, வேண்டுமென்றே மாற்றிச் சொல்லிப் பாருங்கள்: ‘வடை கீழ விழுந்துச்சு. அப்புறம் நரி, காக்கா காக்கா ஒரு பாட்டுப் பாடுன்னுச்சு.’ ‘அதான் விழுந்துடுச்சே, எதுக்குப் பாடச் சொல்லணும்?’ என்று அவள் சண்டைக்கு வந்தால், கதை அவளுக்குப் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: தாகம் கொண்ட காகம் பட அட்டைகளை மகன் தப்பாகவே அடுக்குகிறான். வயது ஐந்து.

பதில்: திருத்துவதற்கு முன் காரணம் கேளுங்கள். அந்தத் தொகுப்பில் காகம் பறக்கிற படம் ஒன்று இருக்கும். தண்ணீர் குடித்துவிட்டுப் பறந்து போகிறது என்று நாம் அதைக் கடைசியில் வைப்போம். தண்ணீர் தேடிப் பறந்து வருகிறது என்று குழந்தை முதலில் வைத்தால் அதுவும் சரிதானே? பானையில் நீர்மட்டம் தெரிகிற படங்களில்தான் வரிசை தெளிவு. ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, கூழாங்கற்களை அவனையே போடச் சொல்லுங்கள். நீர் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகு மூன்று அட்டைகளை மட்டும் கொடுங்கள். ஆறு அட்டை ஆரம்பத்திலேயே அதிகம். அடுக்கும்போது இடமிருந்து வலம் என்பதையும் விரலால் காட்டுங்கள். அது குழந்தைக்குத் தானாகத் தெரியாது.

கேள்வி: ‘சாப்பிடுறதுக்கு முன்னாடி கை கழுவு’ என்றால் நேராகத் தட்டில் கை வைக்கிறான்.

பதில்: சின்னக் குழந்தைகள் காதில் விழுந்த வரிசையையே நடக்க வேண்டிய வரிசையாக எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் முதலில் சொன்னது சாப்பாடு! ‘கை கழுவிட்டுச் சாப்பிடு’ என்றால் சொல்லும் செயலும் ஒரே வரிசையில் வரும். மூன்று, நான்கு வயதில் கதையையும் இப்படியே சொல்லுங்கள். ‘முன்னாடி’, ‘பின்னாடி’ எல்லாம் மெல்ல வரட்டும்.

கேள்வி: மூன்றரை வயது மகள், நேற்று நடந்ததை ‘நாளைக்கு’ என்கிறாள்.

பதில்: இந்த வயதில் இது சாதாரணம். ‘ஆமா, நேத்து பார்க்குக்குப் போனோம்’ என்று சரியான சொல்லைப் போட்டுப் பேச்சைத் தொடருங்கள், போதும்.

கேள்வி: ஒன்றாம் வகுப்பு ஆசிரியை நான். முப்பது பிள்ளைகளுக்கு அட்டை கொடுத்து மாளாது.

பதில்: பேர் மறந்த ஈ கதையை நடிக்க வையுங்கள். கன்று, தாய்ப்பசு, இடையன், அவன் கைக்கோல் என்று ஒவ்வொருவராக வரிசையில் நிற்கட்டும். ஈ ஒவ்வொருவரிடமும் போய்த் தன் பேரைக் கேட்கட்டும். கடைசியில் குதிரை கனைக்கும்போது வகுப்பே கனைக்கும். ஆனால் ஒன்று: இந்தக் கதை வரிசையை நினைவில் வைக்கத்தான் உதவும். இதில் நடுவே இரண்டு பேர் இடம் மாறினாலும் முடிவு மாறாது. எது எதனால் நடந்தது என்று யோசிக்க வைக்க, காக்கா-நரி மாதிரியான கதைதான் வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி வையுங்கள்.

கேள்வி: எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பதில்: மூன்று வயதாகியும் ‘செருப்பை எடுத்துட்டு வந்து வாசல்ல வை’ போன்ற இரண்டு கட்ட வேலை புரியவில்லை என்றாலோ, ஐந்து வயதாகியும் அன்று நடந்த இரண்டு விஷயத்தைக்கூடச் சேர்த்துச் சொல்ல வரவில்லை என்றாலோ குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். காதுப் பரிசோதனையை முதலில் செய்துவிடுங்கள்.