பத்து புரொசெசரும் ஒரு நடுப்பலகையும்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பழைய யூனிக்ஸ் கதைகளை விடாமல் வாசித்து வருகிறேன். போன கிழமை கிராண்ட்பாஸில் ஒரு பழைய இரும்புக் கடையில் சன் கொம்பனியின் பழைய சேர்வர், என்டர்பிரைஸ் 4000 ஒன்றைக் கண்டேன். உள்ளே பத்து புரொசெசர் இருக்கிறது என்கிறார் கடைக்காரர். விலையை எடைக் கணக்கில்தான் சொல்கிறார். வாங்கி வீட்டில் ஓடவிட ஆசை. நண்பர்கள், "உன் போனே அதைவிட வேகம், உனக்கென்ன விசரா?" என்று சிரிக்கிறார்கள். ஆனால் பத்து புரொசெசர் என்றால் பத்து மடங்கு வேகம் இருக்கும்தானே? அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம் இல்லையா? அதில் இப்போது லினக்ஸ் ஏறுமா? இன்னொன்று, கோபிக்க வேண்டாம். பழைய மெஷின்களைப் பற்றி நீங்கள் எழுதுவதெல்லாம் வயது போனவர்களின் ஏக்கம்தானோ என்று சில நேரம் யோசிப்பேன்.

அன்புடன்,
ர., தெஹிவளை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் பொல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறது. என்னோடு முன்பு வேலை செய்த ஒருவரின் மகள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய அலுவலகத்தில் கிளவுடில் 8 கோர் (எட்டு புரொசெசர் என்று வையுங்கள்) எடுத்து வைத்திருந்தார்களாம். அறிக்கை மெதுவாக ஓடுகிறது என்று அதை 16 ஆக்கினார்களாம். பில் கூடியது. அறிக்கை மட்டும் பழைய நேரத்தைத்தான் எடுக்கிறது. அவள் போன பிறகும் அதுவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து நீங்கள் "பத்து புரொசெசர் என்றால் பத்து மடங்கு" என்று எழுதுகிறீர்கள். வேலைக்குச் சேர்ந்த காலம் முதல் இந்த ஒரு வசனத்தோடுதான் எனக்குச் சண்டை.

லினக்ஸ் ஏறுமா என்பதை நீங்களே தேடிப் பாருங்கள், யூனிக்ஸ் வழிவந்த நெட்பிஎஸ்டியையும் சேர்த்துத் தேடுங்கள். போன் வேகமா? வேகம்தான். 1996இல் வந்த மெஷினை இன்றைய போனோடு ஓடவிட்டு வெல்வதில் யாருக்கு என்ன பெருமை?

ஏக்கம் என்று எழுதியதற்கும் ஒரு வார்த்தை. பழையதெல்லாம் பொன் என்று நான் எங்கே எழுதினேன்? சன் சேர்வர்களைக் கட்டுப்படுத்தும் கொன்சோலாக ஒரு டெர்மினலை, அதாவது திரையும் விசைப்பலகையும் உள்ள ஒரு பெட்டியை, சீரியல் வயரில் கொழுவுவார்கள். அந்த டெர்மினலின் சுவிட்சை யாராவது அமர்த்தினால், வயரில் வரும் மாற்றத்தை சேர்வர் 'பிரேக்' என்று எடுத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் யூனிக்ஸை அப்படியே நிறுத்திவிட்டு 'ஓகே' என்று எழுதிக்கொண்டு நிற்கும். நூறு பேரின் வேலை, மேசை துடைக்க வந்தவரின் கைபட்டு நின்றுவிடும்! முன்பக்கச் சாவியைப் பூட்டு நிலைக்குத் திருப்பி வைத்தால் இது நடக்காது. ஆனால் அது எத்தனை பேருக்கு நினைவிருந்தது? அப்புறம் சன்னின் புரொசெசரான அல்ட்ராஸ்பார்க் இரண்டின் வெளிக் கேஷ், அதாவது அடிக்கடி தேவைப்படும் தரவின் பிரதியைக் கிட்ட வைத்திருக்கும் சின்ன மெமரி. பிழை நடந்ததைக் கண்டுபிடிக்க அதில் பரிட்டி இருந்தது, திருத்துவதற்கான ஈசிசி இருக்கவில்லை. ஒரு பிட் புரண்டால் மெஷின் விழலாம். 2000ஆம் ஆண்டை ஒட்டி இது பெரிய தலையிடியாகி, வாடிக்கையாளர்கள் சத்தம் போட்டார்கள். இதெல்லாம் எனக்கு மறக்கவில்லை தம்பி. வயது போனது உண்மை, ஞாபகம் இன்னும் போகவில்லை.

சரி, பெட்டிக்கு வருவோம். கடைக்காரரிடம் சொல்லி அதைத் திறந்து பார்த்தீர்களா? பார்த்திருந்தால் புரொசெசரை எண்ணியிருக்க மாட்டீர்கள். நட்டநடுவில் ஒரு பலகை நிமிர்ந்து நிற்கும். மற்ற எல்லாப் பலகைகளும் அதில்தான் குத்தப்படுகின்றன. 4000இல் எட்டு இடங்கள்: முன்னால் நான்கு, பின்னால் நான்கு. ஏன் இரண்டு பக்கமும்? எட்டையும் ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்தால் பாதை நீண்டுவிடும். பாதை நீண்டால் மின்சமிக்ஞை முனைவரை போய் அடங்க நேரம் பிடிக்கும். அப்போது கடிகார வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரு பக்கமும் குத்தினால் அதே எட்டுப் பலகைகளும் ஏறக்குறைய பாதி நீளத்துக்குள் அடங்கிவிடும். இதைச் செய்தவர்களுக்கு எந்த இடத்தில் வலிக்கும் என்று தெரிந்திருந்தது.

அந்த நடுப்பலகையில் ஓடும் பாதையின் பெயர் கிகாப்ளேன். அகலம் 256 பிட், வேகம் 83 மெகாஹெர்ட்ஸ் வரை. பெருக்கிப் பாருங்கள், செக்கனுக்கு 2.6 ஜிகாபைட்டுக்குச் சற்று மேலே வரும். இதன் பெரிய அண்ணன் 6000இல் 16 இடங்கள், 30 புரொசெசர். உங்களுடையதில் 14க்கு மேல் போகாது. ஒவ்வொரு பலகையிலும் இரண்டு புரொசெசர், ஆனால் ஒரு இடமாவது டிஸ்க்கையும் நெட்வேர்க்கையும் இணைக்கும் பலகைக்கு வேண்டுமே. மெமரியும் புரொசெசர் பலகைகளிலேயே பிரிந்து கிடக்கும், ஆனால் அது எல்லாருக்கும் பொது. தன் பலகையிலேயே இருக்கும் மெமரியைத் தொடுவதென்றாலும், முகவரியை நடுப்பாதையில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும்.

ஏன் சொல்ல வேண்டும் என்பதுதான் விஷயம். இதை விளங்கிக்கொண்டால் மிச்சம் தானாக வரும். செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் பத்துக் கணக்கப்பிள்ளைகள் என்று வையுங்கள். ஒவ்வொருவர் மேசையிலும் அதே பேரேட்டின் பிரதி. எல்லாரும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தால் பிரச்சினை இல்லை. ஒருவர் ஒரு வரியை மாற்றப் போகிறார் என்றால், முதலில் கத்திச் சொல்ல வேண்டும். மற்ற ஒன்பது பேரும் தங்கள் பிரதியில் அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போட வேண்டும். அடுத்தவருக்கு அதே வரி தேவைப்பட்டால் மாற்றியவரிடம் போய் வாங்க வேண்டும். கணக்கப்பிள்ளையைப் பத்திலிருந்து இருபதாக்கினால் கணக்கு வேகமாக முடியுமா, கத்தல் கூடுமா?

அந்தப் பேரேட்டுப் பிரதிதான் கேஷ். கிழித்துப்போடும் பக்கம் 64 பைட். கத்தலை எல்லாரும் காது கொடுத்துக் கேட்பதற்கு ஸ்னூப்பிங் என்று பெயர். ஒவ்வொரு கத்தலுக்கும் புரொசெசரின் வேலையைக் குழப்பக்கூடாது என்பதற்காக, அதன் கேஷில் என்னென்ன இருக்கிறது என்ற அட்டவணைக்கு இன்னொரு பிரதியை அந்தப் பலகையிலேயே வைத்தார்கள். அந்தப் புரொசெசருக்குச் சம்பந்தமில்லாத கத்தல் அங்கேயே நின்றுவிடும். இப்படிப்பட்ட வேலைகளில்தான் அந்த மெஷினுக்குக் கொடுத்த காசு போய்ச் சேர்ந்தது, தம்பி. புரொசெசரைத் தனியாக வாங்கி ஒரு சாதாரண மேசைக் கம்ப்யூட்டரிலும் போடலாமே.

சன்னுக்கு முன்னரே இந்த வலியை அனுபவித்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரிகனில் 1983இல் தொடங்கிய சீக்வென்ட் கொம்பனி, சாதாரண மைக்ரோபுரொசெசர்களை வரிசையாக அடுக்கி யூனிக்ஸ் ஓடவிட்டது. முதலில் வந்த பேலன்ஸ் மெஷின்களில் நேஷனல் செமிகண்டக்டரின் 32032 சில்லுகள். புரொசெசர் எழுதும் ஒவ்வொன்றையும் உடனே மெமரிக்கு அனுப்பிவிடும் கேஷ் அவற்றில் இருந்தது. எளிமையானது, பிழை வராது, ஆனால் பாதை நிரம்பிவிடும். 1987இல் இன்டெல் 386 சில்லுகளோடு சிமெட்ரி வந்தது, 30 வரை போட்டார்கள். பிற்பாடு எழுதியதைக் கேஷிலேயே பிடித்து வைத்து, தேவைப்படும்போது மட்டும் அனுப்பும் முறைக்கு மாறினார்கள். புரொசெசர்களுக்கு இடையிலான இன்டரப்ட் செய்திகளை, அதாவது 'செய்கிற வேலையை விட்டு இதைக் கவனி' என்ற குறிப்புகளை, பெரிய பாதையில் விடாமல் அவற்றுக்கென்று தனியாக ஒரு சின்னப் பாதையும் போட்டிருந்தார்கள். அந்தச் சின்னப் பாதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்.

பிறகு 1997இல் சன்னின் என்டர்பிரைஸ் 10000 வந்தது. 64 புரொசெசர். வடிவமைப்பு சூப்பர் கம்ப்யூட்டர் செய்த கிரே ரிசேர்ச் கொம்பனியிலிருந்து வந்தது. எஸ்ஜிஐ என்ற இன்னொரு கம்ப்யூட்டர் கொம்பனி கிரேயை வாங்கி, தனக்குப் போட்டியாக சன்னின் ஸ்பார்க் சில்லுகளில் மெஷின் செய்துகொண்டிருந்த அந்தப் பிரிவை சன்னுக்கே விற்றுவிட்டது. பின்னாளில் அதை நினைத்து எஸ்ஜிஐயில் எத்தனை பேர் தலையில் அடித்துக்கொண்டார்களோ! அந்த மெஷினில் ஒற்றைப் பாதை போதாது என்று தரவுக்கு 16க்கு 16 குறுக்கிணைப்பு வைத்தார்கள். எந்தப் பலகையும் எந்தப் பலகையோடும் அதே நேரத்தில் கொடுக்கல் வாங்கல் செய்யலாம். ஆனால் கத்தல்? அதை எல்லாரும் கேட்டே ஆக வேண்டும். அதனால் முகவரிகளைப் பங்குபோட்டு நான்கு பாதைகளில் விட்டார்கள். எஸ்ஜிஐ தன் பங்குக்கு 1996இல் ஒரிஜின் 2000இல் கத்தலையே விட்டுவிட்டது. எந்தப் பக்கத்தின் பிரதி யாரிடம் இருக்கிறது என்று மெமரியின் பக்கத்திலேயே ஒரு பதிவேடு வைத்து, உரியவருக்கு மட்டும் செய்தி அனுப்பியது. அதற்கு விலை, தூரத்து மெமரி கிட்டத்து மெமரியை விட மெதுவாகக் கிடைப்பது.

பாருங்கள், இத்தனை பேரும் மண்டையை உடைத்தது நடுப்பாதையோடு. நீங்கள் எண்ணுவது புரொசெசரை.

மென்பொருள் தன் பங்குக்கு வேறு கெடுக்கும். கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இலேயே சொல்லிவிட்டார். வேலையில் பத்து வீதம் ஒருவர் பின் ஒருவராகத்தான் செய்ய முடியும் என்றால், 8 புரொசெசரில் 4.7 மடங்கு, 16இல் 6.4 மடங்கு. அவ்வளவுதான். அதுவும் கத்தலுக்கு நேரமே போகாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு.

தொண்ணூறுகளின் கடைசியில் கோட்டையில் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். பெயர் வேண்டாம். மெஷின் எந்தக் கொம்பனியுடையது என்பதும் வேண்டாம், குற்றம் மெஷினில் இல்லை. மாத முடிவில் ராத்திரி முழுக்க ஓடும் கணக்கு விடிந்தும் முடியாது. காலையில் கவுண்டர் திறக்கும்போது நாங்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்போம். புரொசெசர்கள் எவ்வளவு வேலையில் இருக்கின்றன என்று பார்த்தால், எல்லாம் நூறு வீதம். மேலிடத்துக்கு வேறென்ன வேண்டும்? விற்பனைக்காரர் டை கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பலகை, நான்கு புரொசெசர், கையெழுத்து. அடுத்த மாத முடிவில் கணக்கு முன்பைவிடப் பிந்தி முடிந்தது. எல்லாப் புரொசெசரும் மறுபடியும் நூறு வீதம்! "பார்த்தீர்களா, இன்னும் தேவைப்படுகிறது" என்றார் அதே மனுஷன். அந்த வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எங்கள் மூத்த பொறியியலாளர் குருநாகல் பக்கத்துச் சிங்களவர். அரைத் தமிழில் மெதுவாகக் கதைப்பார். இரண்டு ராத்திரி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இவங்க வேலை செய்யல்ல மிஸ், வேலை கேட்டு நிக்கிறாங்க" என்றார். விஷயம் இதுதான். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தொடர் இலக்கம் போட வேண்டும். அந்த இலக்கம் பொது மெமரியில் ஒரே ஒரு இடத்தில், ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் ஒரே ஒரு பூட்டுக்குப் பின்னால் இருந்தது. பூட்டுத் திறக்கும் வரை ஒவ்வொரு புரொசெசரும் சுற்றிச் சுற்றி அதைத் தட்டிக்கொண்டிருக்கும். அப்படித் தட்டுவதும் நூறு வீத வேலை என்றுதான் திரையில் விழும். ஒவ்வொரு தட்டும் மெமரியில் எழுதுவதாகவே போகும், ஆகவே ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கத்தல். பூட்டை வைத்திருப்பவர் அதைத் திறப்பதற்கே நடுப்பாதையில் முறை வர வேண்டும். நான்கு புரொசெசர் கூடியபோது கூடியது தட்டுகிறவர்களின் எண்ணிக்கை.

அவர் செய்தது சின்ன வேலை. ஓடும் ஒவ்வொரு புரோசசுக்கும் (நிரலுக்கும்) இலக்கங்களை நூறு நூறாக முன்கூட்டியே பிரித்துக் கொடுத்தார். பூட்டைத் தட்டும் தேவை நூறில் ஒன்றானது. அந்த மாதக் கணக்கு விடியுமுன் முடிந்தது. இலக்கங்களுக்கு நடுவில் இடைவெளி விழுகிறதே என்று கணக்காய்வாளர்கள் பிறகு குதித்தது தனிக் கதை, அதைச் சொல்லத் தொடங்கினால் இன்னொரு கடிதம் ஆகும். வாங்கிய பலகைகள் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. அந்த மனிதருக்கு ஒரு பதவி உயர்வுகூடக் கிடைக்கவில்லை.

அதனால்தான் தம்பி, உங்கள் வசனத்தைக் கண்டதும் இப்படிப் பொரிந்து தள்ளுகிறேன். நீங்கள் கெட்டிக்காரர். கிராண்ட்பாஸ் இரும்புக் கடையில் நின்று என்டர்பிரைஸ் 4000ஐ அடையாளம் காண இந்த ஊரில் எத்தனை பேரால் முடியும்? அப்படிப்பட்டவர் கடைக்காரர் எண்ணுகிற மாதிரி எண்ணினால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

வாங்குவதென்றால் வாங்குங்கள், கரண்ட் பில்லை வீட்டில் யார் கட்டுகிறார்கள் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் பலகைகளை இழுத்தெடுத்து நடுப்பலகையின் ஊசிகளை டோர்ச் அடித்துப் பாருங்கள். வளைந்திருந்தாலோ பச்சை பிடித்திருந்தாலோ அந்த மெஷின் சரிவராது.

அதற்கு முன் ஒரு வேலை. உங்கள் மடிக்கணினியிலேயே செய்யலாம். சி மொழியில் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு த்ரெட் எழுதுங்கள், ஒவ்வொன்றும் தன் சொந்த எண்ணை மட்டும் பத்துக் கோடித் தடவை கூட்டட்டும். கொம்பைலர் லூப்பையே சுருக்கிவிடாதபடி வொலட்டைல் போடுங்கள். முதலில் இரண்டு எண்களும் மெமரியில் ஒட்டி ஒட்டி, ஒரே 64 பைட்டுக்குள் இருக்கட்டும். பிறகு நடுவில் வெற்றிடம் விட்டுத் தள்ளி வையுங்கள். உங்கள் சில்லின் பக்கமும் பெரும்பாலும் அதே 64 பைட்தான், பாதுகாப்புக்கு 128 விட்டாலும் சரி. வேறு ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். இரண்டு ஓட்டங்களும் எடுத்த நேரத்தை எனக்கு எழுதி அனுப்புங்கள், எந்த சில்லு என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
அக்கா