குடிநீர்த் திட்டத்துக்கு ஒப்பந்தக்காரரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? குறைந்த விலைக்காரருக்கே வேலை போய்விடுமா?

கேட்டவர் தன் நகராட்சியில் புதுக் குடிநீர்த் திட்டம் வரப்போவதாகவும், விலை குறைத்துப் போட்டவருக்கே வேலையைக் கொடுத்தால் குழாய் நாலு வருடம் தாங்குமா என்றும் கவலைப்பட்டிருக்கிறார். நியாயமான கவலை. குழாய் பதிக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் டெண்டர் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். அதனால் டெண்டர் போடுகிறவர் பக்கத்திலிருந்து, தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துச் சொல்கிறேன்.

நேரடிப் பதில்: ஆமாம், தகுதி பெற்றவர்களில் யார் விலை குறைவோ அவருக்குத்தான் வேலை. ஆனால் யாரெல்லாம் தகுதி பெறலாம், எந்த வேலைக்கு எவ்வளவு அளவு என்று கணக்கிட்டு விலை கேட்பது, இவையெல்லாம் விலை திறப்பதற்குப் பல மாதம் முன்பே எழுதி முடிக்கப்பட்டுவிடும். ஊர்க்காரர்களும் பத்திரிகையும் கவனிப்பது விலை திறக்கிற நாளைத்தான். அதற்குள் பாதி முடிவு ஆகியிருக்கும்.

முதலில் சட்டம். இங்கே அரசுத் துறைகள், வாரியங்கள், உள்ளாட்சிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை 1998-ஆம் வருடத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும், அதன் கீழ் வந்த 2000-ஆம் வருட விதிகளும். டெண்டர் அறிவிப்பு, அரசு இதற்கென்றே வெளியிடும் டெண்டர் புல்லட்டினில் வர வேண்டும். 2 கோடி ரூபாய் வரையுள்ள வேலை என்றால் விண்ணப்பிக்கக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் என்றால் 30 நாள் கொடுக்க வேண்டும். இதைக் குறைப்பதானால் மேலதிகாரி காரணம் எழுதி ஒப்புதல் தர வேண்டும். விலை திறந்த பிறகு பேரம் பேசுவதென்றால் குறைந்த விலைக்காரரோடு மட்டும், அதுவும் விலையை இன்னும் குறைக்கச் சொல்லித்தான் பேசலாம். இரண்டாவது இடத்தில் வந்தவரைத் தனியே கூப்பிட்டு ‘நீங்கள் கொஞ்சம் இறங்குங்கள்’ என்று சொல்ல வழியில்லை. ஜப்பானின் ஜைக்கா, உலக வங்கி போன்ற அமைப்புகளின் கடனில் நடக்கும் திட்டங்களில் அந்த அமைப்புகளின் கொள்முதல் விதிகள் முன்னுக்கு வரும்.

பெரிய வேலைகளுக்கு இரண்டு கவர் முறை. முதல் கவரில் அனுபவம், வருமானம், இயந்திரங்கள், பொறியாளர்கள் பற்றிய ஆவணங்கள். இரண்டாவது கவரில் விலை. முதல் கவரில் தேறாதவரின் இரண்டாவது கவரைத் திறக்கவே மாட்டார்கள். இப்போது எல்லாம் இணையத்தில்தான் நடக்கிறது, ஆனாலும் ‘கவர்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

அந்த முதல் கவருக்கான நிபந்தனைகளைத்தான் நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஓர் அளவுகோல் வேண்டுமானால், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002-இல் மத்திய அரசு நிறுவனங்களுக்குச் சொன்ன வரம்பைப் பாருங்கள். கடந்த 3 வருடச் சராசரி வருமானம், வேலையின் மதிப்பீட்டில் குறைந்தது 30 சதவீதம். கடந்த 7 வருடத்தில் இதே மாதிரி வேலை முடித்திருக்க வேண்டும்: மதிப்பீட்டில் 40 சதவீத மதிப்புள்ள மூன்று வேலை, அல்லது 50 சதவீத மதிப்பில் இரண்டு, அல்லது 80 சதவீத மதிப்பில் ஒன்று. பல துறைகள் இதை ஒட்டியோ, கொஞ்சம் மாற்றியோ எழுதுகின்றன. இதோடு, கையில் ஏற்கெனவே எவ்வளவு வேலை இருக்கிறது என்பதையும் கழித்துப் பார்ப்பார்கள். நல்ல ஒப்பந்தக்காரர்தான், ஆனால் ஒரே நேரத்தில் ஏழெட்டு ஊரில் பள்ளம் தோண்டி வைத்திருக்கிறார் என்றால் உங்கள் ஊருக்கு ஆளும் பணமும் எங்கிருந்து வரும்?

இதில் சிக்கலான இடம் ‘இதே மாதிரி வேலை’ என்பதற்கு எழுதும் விளக்கம். ‘குடிநீர்க் குழாய் பதித்த அனுபவம்’ என்று எழுதினால் பத்துப் பேர் வருவார்கள். ‘ஒரே ஒப்பந்தத்தில் இன்ன விட்டமுள்ள டி.ஐ. எனும் இரும்புக் குழாய் இத்தனை கிலோமீட்டர் பதித்து, கூடவே இத்தனை லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டியும் கட்டி, தூரத்திலிருந்து கண்காணிக்கும் ஸ்காடா கருவிகளும் பொருத்தியிருக்க வேண்டும்’ என்று எழுதினால் இரண்டு பேரோ மூன்று பேரோதான் மிஞ்சுவார்கள். இவை மூன்றையும் தனித்தனி வேலைகளில் செய்தவர் வெளியே நிற்பார். நாலு ஊர் வேலையை ஒரே பேக்கேஜாகச் சேர்த்தாலும் இதேதான் நடக்கும்: மதிப்பீடு பெரிதாகும், சதவீதக் கணக்கு பெரிதாகும், உள்ளூர் நிறுவனங்கள் தானாகவே கழன்றுவிடும். சேர்ப்பதற்கு உண்மையான காரணமும் இருக்கலாம். ஒரே ஆற்றில் எடுத்து ஒரே சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நாலு ஊருக்கும் போகும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நாலு பேரிடம் பிரித்துக் கொடுத்தால், தண்ணீர் வராதபோது ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். காரணம் எழுத்தில் இருக்கிறதா என்பதைக் கேளுங்கள்.

அனுபவ நிபந்தனையே வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனம் வராது. 1970-களில் சென்னைக்குப் போட்ட பழைய வீராணம் திட்டம் நினைவிருப்பவர்களுக்குப் புரியும். ராட்சதக் கான்கிரீட் குழாய்கள் சாலையோரம் வருடக்கணக்கில் கிடந்தன. அந்தத் திட்டத்தில் சென்னைக்குத் தண்ணீர் வரவில்லை. ஒப்பந்தம் கொடுத்த விதம், ஊழல் புகார்களை விசாரித்த சர்க்காரியா ஆணையம் வரை போனது. புதிய வீராணம் திட்டத்தில் 2004-இல்தான் கடலூர் மாவட்டத்து ஏரித் தண்ணீர் நகரத்துக்கு வந்தது. ஒரு தலைமுறையே குடத்தோடு லாரிக்காகக் காத்து நின்றது.

அடுத்து பிரீ-பிட் கூட்டம். டெண்டர் போடப்போகிறவர்கள் சந்தேகம் கேட்கும் கூட்டம் இது. எழுத்தில் கேட்ட கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தந்து, நிபந்தனையில் மாற்றம் இருந்தால் திருத்த அறிவிப்பு எல்லாருக்கும் போட வேண்டும். ஓர் ஊரில் நாங்கள் பாறை அளவு பற்றியும், நெடுஞ்சாலையைக் குறுக்கே வெட்ட அனுமதி யார் வாங்குவது என்றும் கேட்டிருந்தோம். வந்த பதில் எல்லாவற்றுக்கும் ஒன்றே: ‘டெண்டர் நிபந்தனைப்படி.’ இப்படிப் பதில் வந்தால் நேர்மையாக விலை போடுகிறவர் ஆபத்துக்கென்று கூடுதலாக ஒரு தொகை சேர்ப்பார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர் சேர்க்க மாட்டார். அவரே எல்-1, அதாவது குறைந்த விலைக்காரர் ஆவார்.

இப்போது விலைக்கு வருகிறேன். மொத்தத் தொகை குறைவு என்பதை மட்டும் பார்த்தால் எப்படி ஏமாறலாம் என்பதற்கு நானே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். குழாய் பதிக்க ஐட்டம் வாரியாக விலை கேட்கிறார்கள். மதிப்பீட்டில் பாறை வெட்டுவது 500 கன மீட்டர் என்று போட்டிருக்கிறது. ‘அ’ என்பவர் பாறைக்கு கன மீட்டருக்கு 3,000 ரூபாய், மற்ற எல்லா வேலைக்கும் 90 லட்சம். ‘ஆ’ என்பவர் பாறைக்கு 1,000 ரூபாய், மற்றவற்றுக்கு 102 லட்சம். கூட்டினால் ‘அ’ 105 லட்சம், ‘ஆ’ 107 லட்சம். வேலை ‘அ’வுக்கு. தோண்ட ஆரம்பித்த பிறகு பாறை 2,000 கன மீட்டர் வருகிறது. இப்போது ‘அ’வின் பில் 150 லட்சம். ‘ஆ’வுக்குக் கொடுத்திருந்தால் 122 லட்சம்தான் ஆகியிருக்கும். 2 லட்சம் மிச்சம் என்று நினைத்துக் கொடுத்த வேலையில் 28 லட்சம் கூடுதல்.

‘அ’ திருட்டுத்தனம் எதுவும் செய்திருக்கத் தேவையில்லை. டெண்டருக்கு முன் அந்தத் தெருக்களில் நடந்து, ஆழ்துளைக் கிணறு போட்டவர்களிடம் விசாரித்து, எத்தனை அடியில் பாறை தட்டும் என்று தெரிந்துகொண்டிருப்பார். மதிப்பீடு தயாரித்த அலுவலகமும் முதலிலேயே அங்கங்கே குழி தோண்டிப் பார்த்திருந்தால் அந்த 500 என்ற எண் அங்கே வந்திருக்காது. பாறை மட்டுமல்ல, தார்ச் சாலையை வெட்டி மறுபடி போடுவது, வீட்டு இணைப்பு எண்ணிக்கை, பள்ளத்தில் ஊறும் நீரை இறைப்பது எல்லாமே இப்படி ஏறி இறங்கும் ஐட்டங்கள்தான். குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் அளவு கூடினால் விலையைத் திரும்ப நிர்ணயிக்கலாம் என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தால் ஊர் ஓரளவு தப்பும். விலைகளைப் பரிசீலிக்கும் அதிகாரியும், ஒரு ஐட்டத்தின் விலை மட்டும் துருத்திக்கொண்டிருந்தால், அந்த அளவு இரட்டிப்பானால் யார் எல்-1 ஆக இருப்பார் என்று போட்டுப் பார்க்கலாம். அரை மணி நேர வேலை அது. எல்லா அலுவலகத்திலும் இதைச் செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மதிப்பீட்டைவிட ரொம்பவும் ‘லெஸ்’ போட்டு எடுப்பவர்களிடம் கூடுதல் பாதுகாப்பு வைப்புத் தொகை கேட்பது உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 25 சதவீதம் லெஸ் போட்டவர் நஷ்டத்தை எங்கே சரிக்கட்டுவார் என்று யோசித்தால், கண்ணுக்குத் தெரியாத இடம்தான் பதிலாக வரும்: குழாய்க்கு அடியில் போட வேண்டிய மணல் படுக்கை, ஒரு மீட்டருக்குப் பதில் முக்கால் மீட்டர் ஆழம், அழுத்தச் சோதனை செய்யாமலே மூடிவிடுவது. வைப்புத் தொகையால் இதைத் தடுக்க முடியாது. பள்ளத்தை மூடுவதற்கு முன் ஒரு பொறியாளர் அங்கே நிற்க வேண்டும்.

சுத்திகரிப்பு நிலையம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை மாதிரி வேலைகளில் தேர்வு முறை வேறு மாதிரி. மீஞ்சூர் ஆலை (100 எம்.எல்.டி., அதாவது நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர்; 2010) தனியார் நிறுவனமே கட்டி, 25 வருடம் நடத்தி, சென்னைக் குடிநீர் வாரியத்துக்குக் கிலோலிட்டர் (ஆயிரம் லிட்டர்) கணக்கில் தண்ணீர் விற்கும் முறையில் வந்தது. நெம்மேலியில் 2013-இல் திறந்த ஆலையை வாரியம் தன் சொத்தாகக் கட்டவைத்து, சில வருடம் நடத்தும் பொறுப்பையும் கட்டியவரிடமே கொடுத்தது. 2023-இல் நெம்மேலி அருகே பேரூரில் அடிக்கல் நாட்டப்பட்ட 400 எம்.எல்.டி. ஆலைக்கு ஜைக்கா கடன், 20 வருடப் பராமரிப்பும் ஒப்பந்தத்திலேயே சேர்ந்திருக்கிறது.

இத்தகைய டெண்டரில் கட்டும் செலவை மட்டும் ஒப்பிட்டால் தப்பாகிவிடும். கடல்நீரைக் குடிநீராக்கக் கிலோலிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் வரை மின்சாரம் போகும். இதில் 0.1 யூனிட் வித்தியாசம் என்றாலே, 400 எம்.எல்.டி. ஆலையில் நாளொன்றுக்கு 40,000 யூனிட். அதனால் கட்டுமானச் செலவு, வருங்காலப் பராமரிப்புச் செலவின் இன்றைய மதிப்பு, அவர் உறுதி தரும் மின் செலவு மூன்றையும் கூட்டி யார் குறைவு என்று பார்க்க வேண்டும். உறுதி தந்ததைவிட அதிக மின்சாரம் இழுத்தால் அபராதம் என்றும் எழுதியிருக்க வேண்டும். இதே கணக்கு உங்கள் ஊர் நீரேற்று நிலைய மோட்டாருக்கும் பொருந்தும். விலை குறைந்த பம்பு, மின் கட்டணத்தில் அந்த மிச்சத்தைச் சீக்கிரமே விழுங்கிவிடும்.

நடத்தும் காலம் நீளும்போது ஊருக்குக் கேள்விகளும் கூடும். கோயம்புத்தூரில் 2018-இல் சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்கு 26 வருடத்துக்குக் குடிநீர் விநியோகப் பொறுப்பு கொடுத்தபோது, கட்டணம் யார் கையில், தண்ணீர் யாருடையது என்று ஊரே கேட்டது. கட்டண நிர்ணயம் மாநகராட்சியிடமே இருக்கும் என்று பதில் தந்தார்கள். அந்தக் கேள்விகள் டெண்டர் விடுவதற்கு முன்பே மன்றத்தில் பேசப்பட வேண்டியவை என்பது என் கருத்து.

விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் கொடுக்கலாமே என்று கேட்பார்கள். மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் சில வகைக் கட்டுமான வேலைகளுக்கு இதை அனுமதித்தது, தரத்துக்கு அதிகபட்சம் 30 சதவீதம். சிக்கலான ஆலைகளுக்கு நல்ல வழி. சாதாரணக் குழாய் வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மதிப்பெண் போடுகிறவர் கையில் அதிகாரம் கூடும், அதைக் கேள்வி கேட்பது கஷ்டம்.

உங்கள் ஊர் விஷயத்தில் செய்யக்கூடியது இருக்கிறது. டெண்டர் வந்ததும் அரசின் இ-டெண்டர் தளத்தில் ஆவணத்தை இறக்கித் தகுதி நிபந்தனைப் பக்கத்தையும் அளவுப் பட்டியலையும் படியுங்கள். சந்தேகம் இருந்தால் கடைசித் தேதிக்கு முன்பே வார்டு உறுப்பினர் மூலம் மன்றத்தில் எழுப்புங்கள். வேலை கொடுத்த பிறகு மேல்முறையீடு செய்யும் உரிமை, டெண்டர் போட்டுப் பாதிக்கப்பட்டவருக்குத்தான், அதுவும் உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள். பொதுமக்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதில் எத்தனை பேர் போட்டார்கள், முதல் கவரில் யார் எந்தக் காரணத்தால் கழிக்கப்பட்டார்கள், பிரீ-பிட் கேள்வி பதில் குறிப்பு, விலை ஒப்பீட்டு அட்டவணை ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். வேலை நடக்கும்போது உங்கள் தெருவின் அழுத்தச் சோதனைப் பதிவைக் கேளுங்கள். தேதியும் அழுத்த அளவும் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும். புதுச் சாலை போடுவதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுங்கள், போட்ட பிறகு தோண்ட யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.